லிம் சூ காங் பண்ணைகளும் நாடாளுமன்றமும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. குறுவை அறுப்பு முடிந்ததையும், ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்புவதையும் எழுதியிருந்தாய். மழையில் அறுத்த நெல்லைக் களத்தில் காயவைத்து அந்த அளவுக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று புரிகிறது. கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: கிராமமே இல்லாத சிங்கப்பூரில் நாடாளுமன்றம் விவசாயத்தைப் பற்றி என்னதான் பேசும்?

நிறையவே பேசுகிறது, சேகர். வடமேற்கு மூலையில் லிம் சூ காங், கிராஞ்சி, சுங்கை தெங்கா பக்கம் பண்ணைகள் இருக்கின்றன. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். ஆனால் சாப்பாட்டில் பெரும்பகுதி வெளியிலிருந்து வரும் ஊரில் அந்த 1 விழுக்காட்டின் கனம் அதிகம். 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது ஈரச்சந்தையில் கோழிக்கடைகள் வெறிச்சோடியதை இங்கே யாரும் மறக்கவில்லை.

விவாதம் நடக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டம் படித்தபின் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் தனியே எடுத்து ஆராய்வார்கள். பேச விரும்பும் உறுப்பினர், அந்த அமைச்சுக்கான தொகையில் 100 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) குறைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொடுப்பார். அது பெயரளவுக்குத்தான். அதை வைத்துத் தனக்கு ஒதுக்கிய சில நிமிடங்களில் கேட்க வேண்டியதைக் கேட்பார். அமைச்சர் பதில் சொன்னதும் திருத்தத்தை மீட்டுக்கொள்வார். தமிழிலும் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. இது தவிர ஆண்டு முழுவதும் கேள்வி நேரம்.

விவசாயத்துக்கெனத் தனி அமைச்சு இங்கே கிடையாது. பண்ணைக்கு உரிமம் கொடுக்கும் சிங்கப்பூர் உணவு அமைப்பு, மாசைக் கண்காணிக்கும் தேசியச் சுற்றுப்புற வாரியம், தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகம், மூன்றும் நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் கீழ் வருகின்றன. விதி போடுபவரும் உற்பத்தியை வளர்க்கச் சொல்பவரும் ஒரே அமைச்சர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலம் அவர் கையில் இல்லை. நில ஆணையம் சட்ட அமைச்சின் கீழும், நகர மறுசீரமைப்பு ஆணையம் தேசிய வளர்ச்சி அமைச்சின் கீழும் இருக்கின்றன. என் பார்வையில் பண்ணைப் பிரச்சினையின் முடிச்சு இந்த இடத்தில்தான் விழுகிறது.

2019 மார்ச்சில் இப்படியொரு விவாதத்தில்தான் அப்போதைய அமைச்சர் மசகோஸ் சுல்கிஃப்லி, 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்போம் என்று அறிவித்தார். 2021ல் பண்ணைகளுக்கு 6 கோடி வெள்ளி உதவி நிதி ஒதுக்கினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? 2024ல் உள்ளூர்க் காய்கறி 3 விழுக்காடு, கடலுணவு 6 விழுக்காடு, முட்டை மட்டும் 34 விழுக்காடு. 2025 நவம்பரில் அமைச்சர் கிரேஸ் ஃபூ அந்த இலக்கைக் கைவிட்டு, 2035க்கு வேறு இரண்டு இலக்குகளை வைத்தார்: காய்கறி, கீரை, முளைப்பயறு, காளான் சேர்ந்த நார்ச்சத்துப் பிரிவில் 20 விழுக்காடு, முட்டையும் கடலுணவும் சேர்ந்த புரதப் பிரிவில் 30 விழுக்காடு.

இலக்கை மாற்றியதைப் பின்வாங்கல் என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை எண்ணுகிறோம் என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. ஆனால் பண்ணை பிழைப்பதற்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பிழைக்கவைப்பது மூன்று: கரண்ட் பில், கழிவுநீர், குத்தகைக் காலம். மூன்றாவது சரியாக இருந்தால் முதல் இரண்டையும் சமாளிக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

மூடிய அறையில் எல்.இ.டி. விளக்கின்கீழ் அடுக்கடுக்காகக் கீரை வளர்க்கிறார்களே, அதில் ஒரு கிலோ லெட்டூஸுக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் ஆகிறது என்று வைத்துக்கொள். சரியாக நடத்தாத பண்ணையில் இன்னும் கூடும். யூனிட் 28 காசு என்றால் கிலோவுக்கு 2 வெள்ளி 80 காசு கரண்டுக்கே போய்விடும். விதை, உரம், ஆள், வாடகை, பொட்டலம் எல்லாம் அதற்கு மேல். மலேசியாவிலிருந்து லாரியில் பாலம் தாண்டி வரும் சாய் சிம் என்ற சீனக் கீரை கடையில் விற்கும் விலையை இந்த ஒரு செலவே நெருங்கிவிடும். 2022ல் உலக எரிவாயு விலை ஏறியபோது இந்த வகைப் பண்ணைகள் பல தள்ளாடியதில் வியப்பில்லை.

வலைக்குடிலில் சூரிய ஒளியில் வளர்த்தால் விளக்குச் செலவு மிச்சம். ஆனால் இங்கே பகலில் 31, 32 பாகை. மண்ணுக்குப் பதில் வேர் நனையும் சத்துநீர் 28 பாகையைத் தாண்டினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30ல் ஏழரைதான். வேருக்கு மூச்சு முட்டும் நேரம் பார்த்து பித்தியம் என்ற வேரழுகல் கிருமி புகுந்துவிடும். வேர் பழுப்பாகி வழவழத்து, நடுப்பகலில் செடி துவளும். இரவில் நிமிர்வதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இதற்குக் குடில் முழுவதையும் குளிரூட்ட வேண்டியதில்லை. தொட்டியில் இருக்கும் நீரை மட்டும் 22 முதல் 24 பாகைக்குக் குளிர்வித்துச் சுற்றவிட்டால் போதும், செலவு பல மடங்கு குறையும். உதவி நிதி கொடுக்கும்போது விலை உயர்ந்த அடுக்குப் பண்ணையைவிட இந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு முன்னுரிமை வேண்டும்.

அடுத்தது கழிவுநீர். இதில்தான் விவாதம் அடிக்கடி வழி தவறுகிறது. விதி கடுமையாக இருப்பதால் பண்ணைகள் நொடிக்கின்றன, கொஞ்சம் தளர்த்துங்கள் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நீர்த்தேக்கத்துக்குப் போகும் வாய்க்காலில் விடும் நீரில் பி.ஓ.டி. (கழிவு சிதையும்போது நீரிலிருந்து இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், மிதக்கும் திடப்பொருள் 30க்குள், பாஸ்பேட் 2க்குள். மற்ற வாய்க்கால்களுக்கு பி.ஓ.டி. 50. பொதுச் சாக்கடையில் விட்டால் 400 வரை விடலாம், அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சுங்கை தெங்கா பக்கம் பெய்யும் மழையெல்லாம் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம். 1977ல் தொடங்கி பத்தாண்டுகள் சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் சுத்தம் செய்தபோது பன்றிப் பண்ணைகளையும் வாத்துப் பண்ணைகளையும் நூற்றுக்கணக்கில் அப்புறப்படுத்தினார்கள். அந்த விலையைக் கொடுத்து வாங்கிய சுத்தத்தை இனி விட்டுக்கொடுக்கக் கூடாது.

மண்ணில்லாப் பயிரின் சத்துநீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும், நாற்றம் இராது, பி.ஓ.டி.யும் குறைவு. அதனால் புதியவர்கள் அதைச் சும்மா வடிகாலில் திறந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரஜன் இருக்கும். பாஸ்பரஸ் 30க்கு மேல், அதைப் பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 90ஐத் தாண்டும். வரம்பு 2! நீர்த்தேக்கத்தில் பச்சைப்பாசி படர அது தாராளம். செய்ய வேண்டியது கடினமான வேலையும் இல்லை. முதலில் சோடியம் சேராமல் பார்த்துக்கொண்டால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டியிராது. மாற்றும்போது பழைய நீரை மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீர் கலந்து மண்பாத்தியில் வாழைக்கும் கங்கோங் கீரைக்கும் பாய்ச்சலாம். மிஞ்சுவதைப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதியோடு சாக்கடையில் விடலாம். சிக்கல் என்னவென்றால், பல பழைய மனைகளுக்குப் பக்கத்தில் சாக்கடைக் குழாய் இல்லை. குழாய் கொண்டுவருவது ஒரு தனிப் பண்ணையாளரால் ஆகிற காரியமா? இதைத்தான் நாடாளுமன்றத்தில் வற்புறுத்திக் கேட்க வேண்டும். லிம் சூ காங்கில் 390 ஹெக்டரை மறுவடிவமைக்கும் திட்டத்தில் பொதுவான சுத்திகரிப்பு, பொதுவான மின் இணைப்பு, பொதுவான குளிர்பதனக் கிடங்கு இருந்தால் பாதிச் சுமை இறங்கும்.

கோழிப் பண்ணையில் மாசு என்றால் முதலில் ஈ. எருவில் ஈரம் 30 விழுக்காட்டுக்குக் கீழ் போனால் புழு பிழைக்காது. எரு நனைவதற்குக் காரணம் பெரும்பாலும் மழை இல்லை, கூண்டில் கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் முனை ஒழுகுவதுதான். இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து ஈ ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும். எருவை அதற்குள் வெளியேற்றிவிட வேண்டும்.

கடல் மீன்பண்ணைகளில் கதை தலைகீழ்: அங்கே பண்ணைதான் மாசுக்குப் பலியாகிறது. 2015 தொடக்கத்தில் ஜோகூர் நீரிணையில் மிதவை உயிரிகள் பெருகி 500 டன்னுக்கு மேல் மீன் செத்தது. அலை தணிந்த நாட்களில் நீரோட்டம் மந்தமாகி, விடியற்காலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். வலைக்கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி உள்ளே காற்றடிப்பது முதலுதவி. தீவனமாகப் போடும் மலிவான சிறு மீனுக்குப் பதில் குருணைத் தீவனம் போட்டால் நீரும் கொஞ்சம் தேறும்.

இனி குத்தகை. இங்கே பண்ணை நிலம் யாருக்கும் சொந்தமில்லை. இப்போது திட்டத்தின் தரத்தையும் பார்த்து 20 ஆண்டுக்குக் கொடுக்கிறார்கள். பழைய குத்தகைகளைவிட இது மேல். ஆனால் கணக்குப் போட்டுப் பார். கட்டட அனுமதி, தீயணைப்பு அனுமதி, மின் இணைப்பு என்று வெவ்வேறு அமைப்புகளின் வாசல் ஏறி முதல் அறுவடைக்கு 2, 3 ஆண்டுகள் போய்விடும். முடிவில் 4, 5 ஆண்டுகளில் புதுக் கருவி வாங்க எவரும் துணியமாட்டார்கள், வங்கியும் கடன் தராது. நடுவில் எஞ்சுவது 12, 13 ஆண்டுகள். சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போட்ட முதல் அதற்குள் திரும்ப வேண்டும். 2014ல் லிம் சூ காங்கில் 62 பண்ணைகளுக்கு நிலம் திரும்பப் பெறப்படும் என்று அறிவிப்பு வந்தது, பிறகு தவணை நீட்டினார்கள். அந்த மாதிரி நிலையில் கழிவுநீருக்கு யார் செலவு செய்வார்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகளின் கார்நிறுத்த மாடித் தோட்டங்களின் வாடகை ஒப்பந்தம் மூன்றே ஆண்டு. சுற்றுப்புற விதியைப் பண்ணையாளர் மனமுவந்து கடைப்பிடிக்க வேண்டுமானால், ஒழுங்காக நடப்பவருக்குப் புதுப்பிப்பு உறுதி என்று பத்தாவது ஆண்டிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 8ல் நிறைவேறிய உணவுப் பாதுகாப்பு மசோதா, சிதறிக் கிடந்த ஒன்பது சட்டங்களின் விதிகளை ஒரே இடத்தில் சேர்த்தது. 2028க்குள் படிப்படியாக நடைமுறைக்கு வரும். சட்டங்கள் ஒன்றானதுபோல் அனுமதி வாசலும் ஒன்றாக வேண்டும்.

இத்தனை பேச்சிலும் குறைவாகப் பேசப்படுவது பண்ணையில் வேலை செய்யும் மக்கள்தான். நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் உள்ள ஊழியர் விடுதிகளுக்கு 2023 ஏப்ரலிலிருந்து உரிமம் கட்டாயம், அது நல்ல மாற்றம். ஆனால் லிம் சூ காங் சாலைக்கு 975 பேருந்தை விட்டால் அதிகம் வழியில்லை. மருந்தகமும் மளிகைக்கடையும் தொலைவு. குடில் உள்ளே பகல் வெப்பம் வெளியைவிடக் கூடுதல்; ஓய்வு நேரம், நிழல், குடிநீர் ஆகியவற்றையும் பண்ணை உரிமத்தின் நிபந்தனைகளில் சேர்க்கச் சொல்லி யாராவது அந்த 100 வெள்ளித் திருத்தத்தைக் கொடுத்தால் மிகவும் மகிழ்வேன்.

உன் நெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்து, ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு அளிக்க முன்வந்தது. இங்கே அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப்போல் இரு மடங்கைக் கிடங்கில் இருப்பு வைக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் பதற்றம் பெரிதாகவில்லை. உங்கள் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக 2020ல் சட்டம் போட்டார்களே, அது களத்தில் எப்படி இருக்கிறது? மீன்குட்டை நீரை வயலுக்குப் பாய்ச்சுபவர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு கலந்து பாய்ச்சுகிறார்கள் என்று விசாரித்து எழுது. உப்பு ஏறாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேள். இங்கே மீனும் கீரையும் சேர்த்து வளர்க்கும் இரண்டு பேருக்கு அந்த விவரம் உடனே தேவைப்படுகிறது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாறன்