எல்லா வீடியோவையும் கன்வெர்ட் செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இணைப்பில் வாசகர் கேள்வி பதில் பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேமராவில் எடுத்த வீடியோ எடிட்டிங்கில் திக்கித் திக்கி ஓடுகிறது, என்ன செய்யலாம் என்று ஒருவர் கேட்டதற்கு, எடிட் செய்யுமுன் எல்லா ஃபைலையும் கன்வெர்ட் செய்துகொள்ள வேண்டும், அதுதான் முறை என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் வந்து நின்றான். ஒரு கல்யாணத்து ஃபுட்டேஜ், இரண்டு நாளாகக் கன்வெர்ட் ஓடுகிறது, நடுவில் கரண்ட் போய் ஒருமுறை முதலிலிருந்து, இப்போது டிஸ்க் நிரம்பிவிட்டது, இன்னும் முகூர்த்தமே வரவில்லை அண்ணே என்கிறான்.

மயிலாடுதுறையில் பதினெட்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன் நான். நீங்கள் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், 2009-ல் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நான் தொழிலுக்கு வந்தபோது மினி டிவி (MiniDV) டேப். மணிக்கு 13 ஜிபி, ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படம், எங்கே வெட்டினாலும் கம்ப்யூட்டர் முனகாது. அப்புறம் ஏவிசிஎச்டி என்கிற கேமரா ஃபார்மட் வந்தது, 2008 கடைசியில் கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்தது, எல்லாரும் எச்.264 என்கிற, வீடியோவை இறுக்கிச் சுருக்குகிற முறைக்கு மாறினோம். படம் அழகு, ஃபைல் சின்னது, எடிட்டிங்கில் உட்கார்ந்தால் நரகம். ஃபைனல் கட் 7 என்கிற எடிட்டிங் மென்பொருள் வைத்திருந்தவர்கள் ராத்திரி முழுக்க ப்ரோரெஸ் என்கிற எடிட்டிங் ஃபார்மட்டுக்கு மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள், வேறு வழி கிடையாது. உங்கள் பதில் அந்தக் காலத்துப் பதில். அடோபி 2010-ல் பிரீமியர் சிஎஸ்5 எடிட்டிங் மென்பொருளைக் கொண்டுவந்தபோதே கேமரா ஃபைலை அப்படியே டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்குகிற இடம்) போட்டு வெட்டுவது ஓரளவு நடக்கிற காரியமாகிவிட்டது. இன்று ஓரளவு நல்ல மெஷினில் சாதாரண 8 பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி) எச்.264 ஃபைல் வெண்ணெய் மாதிரி ஓடும்.

திக்குவது ஏன் என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எச்.264, அதற்கு அடுத்து வந்த எச்.265 எல்லாம் பேங்க் பாஸ்புக் மாதிரி. 12, 15, சில கேமராவில் 30 பிரேமுக்கு ஒருமுறைதான் முழுப் படம் இருக்கும், அதாவது இருப்புத் தொகை. நடுவில் இருப்பதெல்லாம் வரவு செலவு மட்டுமே, முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்கிற குறிப்பு. போதாக்குறைக்கு சில பிரேம்கள் பின்னால் வரப்போகிற பிரேமையும் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொள்ளும். முன்னோக்கி ஓடும்போது கூட்டிக்கொண்டே போகலாம், அதனால் சும்மா போட்டுப் பார்க்கும்போது அதே ஃபைல் ஜம்மென்று ஓடும். எடிட் செய்கிறவன் அப்படியா ஓட்டுகிறான்? பின்னால் இழுப்பான், நடுவில் வெட்டுவான், இரண்டு கேமராவை ஒரே நேரத்தில் ஓட விடுவான். ஒவ்வொரு இழுப்புக்கும் கம்ப்யூட்டர் கடைசி இருப்பைத் தேடிப் போய் மறுபடி கூட்டிக்கொண்டு வரவேண்டும். ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் மாதிரி எடிட்டிங்குக்கென்றே செய்த ஃபார்மட்டில் ஒவ்வொரு வரியிலும் இருப்பு எழுதியிருக்கும். கூட்டல் வேலை மிச்சம், புத்தகம்தான் தடிமன்.

தடிமன் என்றால் எவ்வளவு? அந்தப் பையனின் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவில் ஏழு மணி நேரம், 4கே, வினாடிக்கு 25 பிரேம், 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்). மணிக்கு 45 ஜிபி வைத்தால் மொத்தம் 315 ஜிபி. இதையே ப்ரோரெஸ் 422-க்கு மாற்றினால் மணிக்குச் சுமார் 220 ஜிபி, ஆக ஒன்றரை டிபி. ஒரு கல்யாணத்துக்கு! ஆவணியில் மாதத்துக்கு எட்டு முகூர்த்தம் பிடிக்கிறவன் டிஸ்க் வாங்கியே ஓட்டாண்டியாகிவிடுவான். அது மட்டுமில்லை. 4கே ப்ரோரெஸ் ஒரு ஸ்ட்ரீம் ஓட வினாடிக்கு 60 மெகாபைட்டுக்கு மேல் டிஸ்க்கிலிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், இரண்டு கேமரா என்றால் 120. யுஎஸ்பியில் தொங்குகிற சாதாரண போர்ட்டபிள் டிஸ்க்குக்கு அதுவே எல்லை. பிராசஸர் தலையில் இருந்த மூட்டையை இறக்கி டிஸ்க் தலையில் வைத்தாயிற்று, அவ்வளவுதான். கன்வெர்ட் செய்தும் திக்குகிறது அண்ணே என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கதை இதுதான்.

அப்புறம் ஒரு மூடநம்பிக்கை. ப்ரோரெஸ்ஸுக்கு மாற்றினால் குவாலிட்டி கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், கஸ்டமரிடம் அதைச் சொல்லித் தனியாகக் காசு வாங்குகிறவர்களும் உண்டு. ஒரு லிட்டர் பாலை அண்டாவில் ஊற்றினால் அண்டா பால் ஆகிவிடாது. கேமராவே 8 பிட்டில் எழுதித் தூக்கிப் போட்ட கலர், எதற்கு மாற்றினாலும் திரும்பி வராது. இருப்பதைக் கெடுக்காமல் தூக்கிச் செல்லும், அதுதான் அதன் பெருமை.

கெடுப்பது எது என்றால், எச்.264-ஐ மறுபடி சின்னதொரு எச்.264 ஆக மாற்றுவது. 2012-ல் நானே செய்திருக்கிறேன். ஏவிசிஎச்டி ஃபைல் என் மெஷினில் ஓடவில்லை. இலவசமாகக் கிடைத்த ஏதோ ஒரு கன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கினேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இடம் வேண்டுமே என்று ஒரிஜினலை அழித்துவிட்டேன். கலர் பார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கூறைப்புடவை ஜரிகை கட்டம் கட்டமாகச் சிதறிக் கிடக்கிறது, ஹோமப் புகை புகையாகவே இல்லை, படிக்கட்டுப் படிக்கட்டாக மேலே போகிறது. கலரைத் தொடத் தொடப் படிக்கட்டு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் கலரே தொடாமல் கொடுத்தேன். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த பெண்ணின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

சரி, கன்வெர்ட் செய்தே ஆகவேண்டியது எதை? மொபைல் வீடியோவை. ஒருமுறை மாங்கல்யதாரணத்தின்போது சொந்தக்காரர்கள் எல்லாரும் எழுந்து மணமேடையைச் சுற்றி நின்றுவிட்டார்கள், எங்கள் இரண்டு கேமராவிலும் முதுகுதான் பதிவாகியிருக்கிறது. நல்லவேளை பெண்ணின் சித்தப்பா பையன் முன்வரிசையிலிருந்து மொபைலில் இருபத்திரண்டு நிமிடம் விடாமல் பிடித்திருந்தான். டைம்லைனில் போட்டேன். ஆரம்பத்தில் எல்லாம் சரி. கெட்டி மேளம் வருகிற இடத்தில் தவில்காரர் குச்சி தோலில் பட்டுத் திரும்பி எழுந்தபிறகு சத்தம் வருகிறது. முன்னால் இழுத்து ஒட்டினால் ஆரம்பம் கெடுகிறது. அரை நாள் போயிற்று. மொபைல் 30 பிரேம் என்று சொல்லுமே தவிர சீராக 30 எடுக்காது, வெளிச்சம் குறைந்தால் 24, 27 என்று இஷ்டத்துக்கு இறங்கும், ஏறும். ஆடியோ மட்டும் கடிகாரம் மாதிரி போய்க்கொண்டிருக்கும். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கிலும் இந்தத் தொல்லை வரும். மீடியாஇன்ஃபோ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் ஃபைலைத் திறந்து பிரேம் ரேட் மோட் என்கிற வரியில் வேரியபிள் என்று இருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போதும், அதுவும் இலவசம்தான். கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து, குவாலிட்டியில் கஞ்சத்தனம் பார்க்காமல் பெரிய ஃபைலாகவே எடுங்கள். இப்போது எடிட்டிங் மென்பொருள்களே இதைச் சமாளிப்பதாகச் சொல்கின்றன, சமாளிக்கவும் செய்கின்றன, ஆனால் அந்தத் தவில் குச்சியைப் பார்த்தபிறகு நான் யாரையும் நம்புவதில்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் ப்ராக்ஸி இருக்கிறது. உங்கள் பதிலில் அந்த வார்த்தையே வரவில்லை என்பதுதான் என் முக்கியக் குறை. ஒரிஜினலைத் தொடாமல், வெட்டுவதற்கு மட்டும் சின்னதாக ஒரு நகல் எடுத்துக்கொள்வது, எக்ஸ்போர்ட் செய்யும்போது மென்பொருளே ஒரிஜினலுக்குப் போய்விடும். பிரீமியரில், டாவின்சி ரிசால்வில், ஃபைனல் கட்டில் என்று எல்லாவற்றிலும் உண்டு. அதே ஏழு மணி நேரத்துக்கு 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி எடுத்தால் 120 ஜிபிதான் வரும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். ஃபைல் பெயர், ஆடியோ சேனல் எண்ணிக்கை மட்டும் ஒரிஜினல் மாதிரியே இருக்கவேண்டும், இல்லையென்றால் திரும்ப இணைக்கும்போது கழுத்தறுக்கும்.

முழுசாக மாற்றுவதே நியாயம் என்கிற இடங்களும் இருக்கின்றன. கிராஃபிக்ஸ் வேலைக்கு இன்னொருவர் கைக்கு ஃபைல் போகிறது, அல்லது வருடக்கணக்கில் இழுக்கப்போகிற டாக்குமெண்டரி, அங்கெல்லாம் ப்ரோரெஸ் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

பையனுக்கு வருகிறேன். அவன் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265, அதாவது நிற விவரம் அதிகம் வைக்கிற வகை, எழுதுகிறது. இந்த வகை ஃபைலைப் பிரித்துத் தருகிற வசதி இன்டெல் பிராசஸரில் 11-வது தலைமுறையிலிருந்து உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸில் உண்டு, ஆப்பிளில் எம்1 முதல் உண்டு, என்விடியா கார்டில் 2025-ல் வந்த 50 வரிசைக்கு முன்னால் கிடையாது. அவனிடம் இருப்பது 12-வது தலைமுறை இன்டெல்தான், ஆனால் மாடல் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று ஒரு எழுத்து. அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். அசெம்பிள் செய்துகொடுத்த கடையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ குறையும் என்று அதைப் போட்டுவிட்டு, பெரிய என்விடியா கார்டு ஒன்றைச் செருகிக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் பழைய வரிசை. விளையாட்டுக்கு அருமையான மெஷின். அவன் ஃபுட்டேஜுக்கு, அத்தனை விலை கொடுத்தும், எல்லாவற்றையும் பிராசஸர் தனியாகச் சுமக்கவேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த கன்வெர்ஷனை நிறுத்தச் சொன்னேன். ராத்திரி ப்ராக்ஸி போட்டுவிட்டுப் போனான், மொபைலில் வந்த பதினோரு கிளிப்பை மட்டும் ஹேண்ட்பிரேக்கில் மாற்றினோம், மறுநாள் மத்தியானம் வெட்ட ஆரம்பித்துவிட்டான். அதுவரை மாற்றி வைத்திருந்த ஒரு டிபி ப்ரோரெஸ்ஸை அழித்துவிடவா என்று கேட்டான். ஒரிஜினல் எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார் என்றேன். பார்த்தான். ரிசப்ஷனில் இரண்டாவது கேமராவுக்குப் போட்ட ஒரு கார்டு, கன்வெர்ட்தான் ஆகிவிட்டதே என்று ஏற்கெனவே ஃபார்மட் செய்து வேறு ஆர்டருக்குக் கொடுத்துவிட்டிருக்கிறான். அந்த ஒரு கார்டின் ப்ரோரெஸ்ஸை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் அதே பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால், இன்னும் எத்தனை பையன்கள் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண வீடியோ எடிட்டர்,
மயிலாடுதுறை.