தெஸ்பியர்களையும் எழுதுங்கள்: வினாடி வினா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வினாடி வினா அமைப்பாளர்களுக்கும், அவர்கள் நம்பியிருக்கும் பொது அறிவு நூல்களைத் தொகுப்பவர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதப் போட்டியில் நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கும். கிரேக்கத்தின் தெர்மோபைலே கணவாயில் கடைசிவரை நின்று மடிந்தவர்கள் யார்? "ஸ்பார்ட்டர்களும் தெஸ்பியர்களும்" என்றாள் எங்கள் மாணவி. தெஸ்பியர் என்றால் தெஸ்பியே என்ற கிரேக்க ஊரின் மக்கள். தவறு என்று மணி அடித்தீர்கள். "300 ஸ்பார்ட்டர்கள்" என்ற அடுத்த அணிக்கு மதிப்பெண் போனது. எழுந்து முறையிட்டேன். நடுவர் விடைத்தாளைக் காட்டினார், பேச்சு முடிந்தது.

மதிப்பெண்ணைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை. விடையைத் திருத்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கி.மு. 480இல் பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் படையைக் கிரேக்கர்கள் தடுத்து நின்ற அந்தப் போரை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலைப்பாதை காட்டிக்கொடுக்கப்பட்டது, சுற்றி வளைக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் ஸ்பார்ட்டாவின் அரசர் லியோனிடாஸ் பெரும்பாலான படைகளை அனுப்பிவிட்டார். டெமோஃபிலஸ் தலைமையில் வந்திருந்த 700 தெஸ்பியர் மட்டும் போக மறுத்தார்கள். தீப்ஸ் நகரத்தார் 400 பேரும் இருந்தார்கள். அவர்களை லியோனிடாஸ் கட்டாயப்படுத்தி நிறுத்திவைத்தார், அவர்களும் கடைசியில் சரணடைந்தார்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். தெஸ்பியரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நின்றார்கள், செத்தார்கள்.

அந்தச் சாவு அவர்கள் ஊரை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் பாருங்கள். ஸ்பார்ட்டாவில் அப்போது சுமார் 8,000 வீரர்கள் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதில் 300 போனால் பெரிய துக்கம்தான், ஆனால் நாடு நிற்கும். தெஸ்பியே ஹெலிக்கான் மலையடிவாரத்துச் சிற்றூர். சொந்தக் காசில் கவசமும் கேடயமும் வாங்கி வைத்திருந்த ஆண்களில் அநேகமாக எல்லோருமே அந்த 700 பேரில் அடக்கம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவர்கள் விழுந்த பின் செர்க்சஸின் படை வந்து ஊரைக் கொளுத்தியது. மிஞ்சியவர்கள் தெற்கே பெலொப்பொனீஸ் தீபகற்பத்துக்கு ஓடினார்கள். மறு ஆண்டு பாரசீகருக்கு எதிரான பிளாட்டியா போருக்கு 1,800 தெஸ்பியர் வந்தார்கள், ஒருவரிடமும் முழுக் கவசம் இல்லை. அப்படியும் வந்தார்கள். போருக்குப் பிறகு ஊரில் ஆள் இல்லாமல் வெளியாட்களைக் குடிமக்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

இவர்கள் பெயரைச் சொன்ன பிள்ளைக்குத்தான் தவறு என்று மணி அடித்தீர்கள்.

கி.மு. 424இல் ஏதென்ஸுக்கு எதிரான டீலியம் போரில் தீப்ஸ் பக்கம் நின்று போரிட்டு, தெஸ்பியே தன் சிறந்த ஆட்களை மறுபடியும் பறிகொடுத்தது. அவர்கள் பலமிழந்து கிடந்த அடுத்த ஆண்டே, ஏதென்ஸ் மீது சாய்வு என்று குற்றம் சாட்டி அவர்கள் மதிலை இடித்தது அதே தீப்ஸ். சிறிய ஊரின் தியாகத்துக்கு அன்றே அவ்வளவுதான் மதிப்பு. இன்று நாமும் அதையேதானே செய்கிறோம்?

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்கும் வீரத்துக்கும் எடுத்துக்காட்டாக ஸ்பார்ட்டாவை மேடைதோறும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஸ்பார்ட்டர் நாள் முழுதும் போர்ப்பயிற்சி செய்ய முடிந்ததே ஹெலட் என்ற அடிமைக் குடியானவர்கள் அவர்கள் நிலத்தில் உழுததால்தான். போரில் சிறப்பாகப் பணியாற்றியவர்கள் முன்வரலாம், விடுதலை உண்டு என்று ஒருமுறை அந்த ஹெலட்களுக்கு அறிவித்தார்கள். சுமார் 2,000 பேரைத் தேர்ந்தெடுத்து, மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றி வரச் செய்து, பிறகு ஒருவர் விடாமல் தீர்த்துக்கட்டினார்கள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பதுகூட யாருக்கும் தெரியாது என்று இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியரான துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். தெர்மோபைலேயிலும் ஹெலட்கள் செத்தார்கள். பிணங்களைப் பார்க்க வந்தவர்கள் கிடப்பவர்கள் எல்லாம் ஸ்பார்ட்டரும் தெஸ்பியரும்தான் என்று நினைத்தார்களாம். நாம் தெஸ்பியரையும் கழித்துவிட்டோம்.

கோபத்தில் கேள்வியைவிட்டு விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய விஷயம். விடையைத் திருத்துங்கள். "300 ஸ்பார்ட்டர்கள்" என்ற இடத்தில் "300 ஸ்பார்ட்டர்கள், 700 தெஸ்பியர்கள், ஹெலட்கள்" என்று எழுதுங்கள். தெர்மோபைலேயிலேயே 1997இல் தெஸ்பியருக்குத் தனி நினைவுச்சின்னம் எழுப்பிவிட்டார்கள். நம் நூல்களில் ஒரு வரி சேர்ப்பதில் என்ன தயக்கம்? அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகுமுன் தெரிவித்தால், ஹெரோடோட்டஸின் உரிய பகுதிகளை நகலெடுத்து என் செலவிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்