வெட்டிய மரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்: கார்பன் கணக்குக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பைன் தோட்டங்களில் மரம் அளப்பது என் வேலை. சென்ற வாரம் உங்கள் ஆண்டறிக்கை கைக்கு வந்தது. நான் அளந்த துண்டு நிலத்தைப் பற்றி அதில் ஒரு வரி: நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிட்ட பிறகு சராசரி விட்டம் உயர்ந்திருக்கிறதாம், ஆகவே கார்பன் சேமிப்பும் கூடியிருக்கிறதாம். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் கோபம்.

தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு மரத்துக்கும் டேப் சுற்ற வேண்டும். நெருக்கி நட்ட பைனுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. காய்ந்த அடிக்கிளைகள் முகத்தைக் கீறும், விரலெல்லாம் பிசின். இப்படிக் கலைப்பதற்கு முன் ஒரு முறையும், ரம்பம் ஓய்ந்த மறுநாள் ஒரு முறையும் அளந்தேன். இடையில் எந்த மரமும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பருக்கவில்லை. ஆனாலும் சராசரி கூடியிருந்தது. கூடாமல் என்ன செய்யும்? வெட்டியதெல்லாம் ஒல்லி மரங்கள். 10, 12, 14, 26, 28 சென்டிமீட்டர் விட்டத்தில் ஐந்து மரம் நின்றால் சராசரி 18. முதல் மூன்றைச் சாய்த்தால் 27. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

லாரியில் ஏறிய தடிகளையும் அளந்து வைத்திருக்கிறேன். அதை எழுத உங்கள் படிவத்தில் கட்டமே இல்லை. கேட்டதற்கு, நிற்கிற மரம் போதும் என்றார்கள்.

கலைப்பதை நான் குறை சொல்லவில்லை. நெருக்கத்திலேயே விட்டால் ஒல்லி மரங்கள் வெளிச்சமில்லாமல் தாமாகவே பட்டுப்போகும். கலைத்தால் மீதி மரங்களின் தண்டு பருக்கும், தீ உச்சிக்கு உச்சி தாவுவதும் குறையும். சரி. ஆனால் ஒரு மரம் பருப்பது வேறு, தோட்டம் முழுவதும் தேக்கும் கார்பன் வேறு. கலைத்த அன்றே இருப்பு இறங்கிவிடுகிறது. அது திரும்ப ஏற வருடங்கள் ஆகும். பலமாகக் கலைத்திருந்தால், கலைக்காத துண்டை எட்டாமலே போகவும் கூடும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். வெட்டிய மரத்தில் இருந்தது எங்கே போனது? கொப்பும் வேரும் அங்கேயே மக்கிக் காற்றில் கலக்கும். ஒல்லித் தடி பெரும்பாலும் காகிதக் கூழுக்குப் போகும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் வழிகாட்டி, காகிதத்துக்கு 2 ஆண்டு அரை ஆயுள் (அதிலுள்ள கார்பனில் பாதி வெளியேற ஆகும் காலம்) என்றும் அறுத்த மரத்துக்கு 35 ஆண்டு என்றும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆக, லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்பதும் கார்பன் கணக்குத்தான். அதனால்தான் கேட்கிறேன்: வெட்டிய மரத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்.

உங்கள் கணக்குப்படி, இருப்பதிலேயே தடித்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிடலாம். சராசரி விட்டத்தில் நம்மை யாராலும் மிஞ்ச முடியாது. அட்டையில் பச்சை இலை போட்டு, அந்த மரங்களின் கூழில் வந்த தாளிலேயே அறிக்கையும் அச்சிடலாம்.

மன்னிக்கவும், சொல்ல வந்தது அதுவல்ல. கலைப்பதற்கு முன் இருந்தது, வெளியே போனது, எதற்குப் போனது என்ற மூன்றையும் படிவத்தில் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த துண்டைக் கலைக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அதற்குள் புதிய படிவம் வந்தால் நல்லது. பழையதுதான் என்றால், லாரிக் கணக்கைப் பின்பக்கத்தில் எழுதி அனுப்புகிறேன். தயவுசெய்து தாளைப் புரட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
மரம் அளப்பவன்