பச்சை இலைப் படம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

5 மாதப் பேத்திக்கு அணையாடை வாங்கச் சென்றபோது, சூழலுக்கு உகந்ததென உணர்த்தும் பச்சை இலை அச்சிட்ட பொதியொன்று மற்றையவற்றைவிடக் கூடிய விலைக்கு இருந்தது. எதனால் செய்யப்பட்டதென்ற விபரம் மட்டும் அதில் இல்லை. அணையாடையின் மேலுறை, சோள மாப்பொருளிலிருந்து பெறப்படும் பொலிலக்ரிக் அமிலம் என்னும் பிளாத்திக்காயினும், அது உக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் பேணப்படும் உரமாக்கல் நிலையம் வேண்டும். சிறுநீரை உறிஞ்சும் சோடியம் பொலிஅக்ரிலேட் மணிகளோ அங்கும் எளிதில் உக்குவதில்லை. உப்புவெளிக் கடற்கரையில், மழைநீரில் ஊதிக் கிடந்த அணையாடையொன்றை நாய் கிழித்துப்போட, அம்மணிகள் மணலில் களியாகச் சிதறிக் கிடந்ததைக் கண்டு மனம் வருந்தினேன்.

உட்பொருட்களையும், உள்ளே நிரப்பப்படும் மரக்கூழ் குளோரீன் இன்றி வெளுக்கப்பட்டதா என்பதையும் பொதியில் தமிழிலும் குறிப்பிடச் செய்யுமாறு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது பகலில் பருத்தித் துணி, இரவில் மட்டுமே அணையாடை.

இங்ஙனம்,
ஒரு பாட்டி,
உப்புவெளி, திருகோணமலை.