சில்லாகிப் போன பித்தளை வில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1860இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பன் வந்து சேர்ந்ததைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் வழக்கம்போல எல்லாம் கரும்புதான். நேட்டாலில் நம் ஆட்கள் கரும்பு மட்டுமா வெட்டினார்கள்? நிலக்கரியும் வெட்டினார்கள். கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. என் தாத்தாவே டண்டீ பக்கத்துச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்த ஊரை நான் எட்டிப் பார்க்க எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

போன மாதம் மகன் காரில் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பினோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு, வழியில் ஒரு தடவை நிறுத்தி, டண்டீ போய்ச் சேர நாலு மணி நேரம் ஆனது. தலானா அருங்காட்சியகம் ஊருக்கு வெளியே, குன்றின் அடியில் இருக்கிறது. 1899 அக்டோபர் 20ஆம் தேதி போயர்களும் (டச்சு வம்சாவளி வெள்ளையர்கள்) ஆங்கிலேயரும் மோதிய இடம் அது. அன்று வந்திருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சண்டையைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நேரே நிலக்கரிப் பக்கம் போனோம்.

விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பித்தளை வில்லை உண்டாம், அதில் எண் அடித்திருக்குமாம். இறங்குமுன் விளக்கு அறையில் வில்லையைக் கொடுத்தால் விளக்குத் தருவார்கள். ஏறி வந்து விளக்கைக் கொடுத்தால் வில்லை திரும்பக் கிடைக்கும். வேலை நேரம் முடிந்த பிறகும் ஆணியில் வில்லை தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான். "இவ்வளவு பெரிசு, மேலே ஒரு ஓட்டை" என்று விரலை வளைத்துக் காட்டினார்.

எனக்குத் திக்கென்றது. கேட்டோ மேனரில் ஆயா வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. நானும் தங்கையும் அதை வைத்துத்தான் பாண்டி ஆடுவோம். ஓட்டாஞ்சில்லு போல உடையாது, கட்டத்தில் போய்ச் சரியாக உட்காரும். "தாத்தா சாமானைத் தரையில் தேய்க்காதே" என்று ஆயா கத்துவாள். யார் கேட்டது? அப்புறம் இனவாரியாக ஆட்களைப் பிரித்துக் குடிவைத்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் எங்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பினார்கள். அந்த மூட்டை முடிச்சில் அது எங்கே போனதோ.

1913 சங்கதியும் அப்படித்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிய இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்த வேலைநிறுத்தம் என்றால் காந்தி பேரைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். காந்தியின் கூட்டாளி தம்பி நாயுடுவோடு ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கங்களில் போய்ப் பேசிய பிறகுதான் அது பற்றிக்கொண்டது. அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். வேலையை நிறுத்திவிட்டு, அனுமதி இல்லாமல் நடந்தே பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வால் எல்லை தாண்டியவர்களைப் பிடித்து ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். சிறையில் இடம் இல்லை. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? சுரங்கக் குடியிருப்பையே டண்டீ, நியூகாசில் சிறைகளின் கிளை என்று அறிவித்து, சுரங்கத்து வெள்ளைக்காரர்களையே வார்டர்களாக்கி, ஆட்களைத் திரும்பக் கீழே இறக்கினார்கள். எந்த வேலையை வேண்டாம் என்றார்களோ அதே வேலைதான் தண்டனை! காந்திக்கு டண்டீ நீதிமன்றத்தில் ஒன்பது மாதத் தீர்ப்பு வந்ததும் அதே நவம்பரில்தான்.

உங்கள் வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டண்டீ, டான்ஹவுசர், நியூகாசில் பக்கத்துக் குடும்பங்களில் பழைய வில்லை, விளக்கு, ஒப்பந்தச் சீட்டு, படம் எது இருந்தாலும் பழைய பித்தளைக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். கொடுக்க மனமில்லையா, சரி, ஒரு படமாவது எடுத்து, யாருடையது என்று எழுதி உங்கள் பத்திரிகைக்கு அனுப்பட்டும். மாதம் ஒரு பக்கம் ஒதுக்குவீர்களா?

வீடு திரும்பியதும் தங்கைக்குப் போன் போட்டேன். கடைசி எண் நாலு என்று அடித்துச் சொல்கிறாள். முன்னால் இருந்தவை இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. நாங்கள் தேய்த்ததிலேயே அழிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்