ஸ்பெயின் போர் ஒரு கொலையில் தொடங்கவில்லை

ஆசிரியருக்கு,

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் என்றாலே 1936 ஜூலை 13 அதிகாலையில் நடந்த கால்வோ சொதேலோ கொலையைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் கட்டுரையும் அப்படியே. முந்தைய இரவு இடதுசாரி போலீஸ் அதிகாரி காஸ்தியோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சகாக்கள் முடியாட்சி ஆதரவுத் தலைவரான சொதேலோவை வீட்டிலிருந்து போலீஸ் வண்டியில் ஏற்றி, வழியிலேயே சுட்டு, உடலைக் கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். கொடூரம்தான். ஆனால் அதற்குப் பல வாரங்கள் முன்பே ராணுவ ஜெனரல் மோலா அரசுக்கு எதிரான கலகத்துக்கு ரகசிய உத்தரவுகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்.

அவரை நம்பாத அரசு என்ன செய்தது? வடக்கே உள்ள பாம்ப்லோனா நகருக்கு மாற்றியது. குடியரசைக் கவிழ்க்கத் துடித்த தீவிர முடியாட்சி ஆதரவாளர்களான கார்லிஸ்ட்டுகள் ஆயுதப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த வட்டாரம் அது! தண்டனை என்று நினைத்து ஆள்பலத்தைக் கையில் கொடுத்தார்கள்.

இன்னொன்று. 1936 பிப்ரவரி தேர்தலில் பாசிசக் கட்சியான ஃபலாங்கேவுக்கு நூற்றுக்கு ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. பெரிய வலதுசாரிக் கட்சி தோற்றதும் அதன் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஃபலாங்கேயில் போய்ச் சேர்ந்தார்கள். சரி, அதற்கு முந்தைய தேர்தலில் தோற்ற இடதுசாரிகள் மட்டும் தோல்வியை ஏற்றார்களா? 1934 அக்டோபரில் அதே வலதுசாரிக் கட்சி அமைச்சரவைக்குள் வந்ததும், வடக்கே அஸ்தூரியாஸ் வட்டாரத்தின் சுரங்கத் தொழிலாளர்கள் டைனமைட்டோடு கிளம்பினார்கள். அவர்களை அடக்க அரசு மொராக்கோவிலிருந்து தன் காலனிப் படைகளை இறக்கியது. அந்த இரண்டு வாரங்களை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே. அதற்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்