ஞாயிறு காலை மூலிகை நடை

அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 6.30க்கு தாம்பரம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி வாசலில் கூடுவோம். 1937இல் கல்லூரி இங்கே வந்தது. பழைய புதர்க்காடு வளாகத்துக்குள் இன்னும் உயிரோடு இருப்பது நம் அதிர்ஷ்டம்.

மழைக்குப் பின் பாதையோரமெல்லாம் கீழாநெல்லி. இலைக் கொத்தைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கடுகு மாதிரி காய்கள் வரிசையாகத் தொங்கும். நன்னாரிக்கு ஒல்லியான இலை, நடுவே வெள்ளைக் கோடு. வாசனை வேரில்தான், ஆனாலும் தோண்ட வேண்டாம். வேர் போனால் கொடியே போய்விடும். படம் எடுத்தால் போதும்.

குழந்தைகளோடு வருபவர்கள் குன்றிமணியிடம் கவனமாக இருங்கள். சிவப்பும் கறுப்புமாக ஆசையைத் தூண்டும், ஆனால் மென்றால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், தண்ணீர் பாட்டிலும் மூடிய செருப்பும் அவசியம். வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.